தியோமானில் ஒரு நாள் ஸ்கூபா: நீச்சல் தெரியாதவர்கள் நம்பிப் போகலாமா?

கஹாங் பக்கத்துத் தோட்டங்களில் இருக்கிற நமக்கு, தியோமான் தீவுக்கு ஃபெர்ரி ஏறுகிற மெர்சிங் ஒன்றும் தூரமில்லை, ஜெமாலுவாங் வழியாகக் காரை விட்டால் ஏறக்குறைய ஒரு மணி நேரம். தியோமானுக்குப் போய்வந்தவர்களும் இங்கே நிறையப் பேர் இருக்கிறார்கள். ஆனால் அவர்களில் தண்ணீருக்கு அடியில் போய்ப் பார்த்தவர் யார் என்று கேட்டால் விரல்விட்டு எண்ணிவிடலாம். கரையில் கோழி சுட்டுச் சாப்பிட்டு, முட்டளவு தண்ணீரில் நின்று படம் பிடித்துக்கொண்டு திரும்பிவிடுகிறோம். காற்றுச் சிலிண்டரை முதுகில் மாட்டிக்கொண்டு மூழ்குகிற ஸ்கூபா என்றால் வெள்ளைக்காரர்களும் கோலாலம்பூர் ஆட்களும் செய்கிற சமாச்சாரம், காசும் நீச்சலும் இருப்பவர்களுக்கானது என்ற நினைப்பு. பள்ளி விடுமுறையில் எங்கள் செம்பனை ஆலையிலிருந்து குடும்பங்களோடு ஒரு கூட்டமாகப் போய் ஆயர் பாத்தாங் கிராமத்தில் ஒரு டைவ் கடையில் ஒரு நாள் முழுக்க இருந்தோம். நல்ல கடை, குறைகளும் உண்டு. இரண்டையும் எழுதுகிறேன்.

டைவ் கடையை எப்படித் தேர்ந்தெடுப்பது என்பதிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் விஷயமே அதில்தான் இருக்கிறது. பார்க்க எல்லாக் கடையும் ஒன்றுபோலத்தான் இருக்கும், எல்லாரும் அதே ஆமை, அதே சுறா, அதே நீலக் கடலைத்தான் படமாகப் போடுகிறார்கள், விலையிலும் பெரிய வித்தியாசம் இல்லை. வித்தியாசம் உடல்நலப் படிவத்தில் தெரியும். டைவ் செய்ய வருகிற யாராக இருந்தாலும் ஒரு கேள்வித்தாளை நிரப்ப வேண்டும்: ஆஸ்துமா உண்டா, இழுப்பு வந்திருக்கிறதா, இதய நோய், காதில் அறுவை சிகிச்சை, வலிப்பு, சர்க்கரை, கர்ப்பம், நாற்பத்தைந்து வயதுக்கு மேல் என்றால் புகைபிடிக்கிறீர்களா, ரத்த அழுத்தம் உண்டா என்று வரிசையாகக் கேட்கும். குறிப்பிட்ட சில கேள்விகளுக்கு 'ஆம்' என்றால் மருத்துவர் கையெழுத்து இல்லாமல் இறங்கக் கூடாது.

நாங்கள் முதலில் போனில் பேசிய வேறொரு கடையில் இதைப் பற்றிக் கேட்டதற்கு, "அதெல்லாம் இங்க வந்து பாத்துக்கலாம், எல்லாத்துக்கும் இல்லைன்னு டிக் பண்ணிடுங்க" என்று சர்வசாதாரணமாகச் சொன்னார்கள். எனக்கு அப்போதே வயிற்றைக் கலக்கிவிட்டது. எங்கள் கூட்டத்தில் ரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுகிறவர் இருக்கிறார், சின்ன வயதில் இழுப்பு வந்த பிள்ளை இருக்கிறது. நம் ஆட்களில் இதெல்லாம் இல்லாத வீடு எது? அந்தக் கடையை அத்தோடு விட்டுவிட்டோம். கடைசியில் நாங்கள் போன கடை பணம் கேட்பதற்கு முன்னாலேயே படிவத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பி, "ஆம் என்று வருகிறவர்கள் ஊரிலேயே டாக்டரைப் பார்த்துவிட்டு வாருங்கள், இங்கே வந்து ஏமாற வேண்டாம்" என்று எழுதியிருந்தது. அந்த ஒரு வரிக்காகத்தான் அங்கே போனோம்.

ரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுகிற எங்கள் மண்டோர் (மேற்பார்வையாளர்) அண்ணன் குளுவாங்கில் தன் டாக்டரிடம் போனார். அவர் அழுத்தத்தைச் சோதித்துப் பார்த்து, இப்போதைக்குக் கையெழுத்துப் போட முடியாது, முதலில் இதைக் கட்டுக்குள் கொண்டுவருவோம் என்றுவிட்டார். அண்ணனுக்கு முகம் சுருங்கிப்போனது. கடைக்குத் தெரிவித்தபோது அவர்கள், சரி, அவர் படகில் வரட்டும், லைஃப் ஜாக்கெட் போட்டு, குழாயால் மூச்சு விட்டபடி மேலேயே மிதந்து பார்க்கிற ஸ்நோர்கல் செய்யட்டும், படகுக்குத் தனிக் காசு வேண்டாம் என்றார்கள். அண்ணன் அன்று மேலே மிதந்தபடியே பார்த்த மீன்களைப் பற்றி இன்னும் எடைமேடையில் நிற்கிற லோரிக்காரர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

பயணத்தைப் பற்றி அதிகம் எழுத ஒன்றுமில்லை. மெர்சிங் ஆற்று முகத்துவாரம் ஆழம் குறைந்தது என்பதால் ஃபெர்ரி நேரம் கடலின் ஏற்ற இறக்கத்தைப் பொறுத்து மாறும், ஆகவே முதல் நாளே நேரத்தை உறுதி செய்துகொள்ளுங்கள். கடல் பூங்காக் கட்டணத்தை ஜெட்டியிலேயே கட்ட வேண்டும். வாந்தி வருகிற ஆட்கள் மாத்திரையை ஏறுவதற்கு முன்பே போட்டுக்கொள்ளுங்கள், ஏறிய பிறகு போட்டுப் பயனில்லை. காலையில் போய் மாலையில் திரும்புகிற கதை இங்கே நடக்காது, முதல் நாள் இரவே தீவில் தங்கிவிடுவதுதான் சரி.

காலை எட்டரைக்குக் கடையில் உட்கார வைத்தார்கள். பயிற்சியாளர் கிளந்தான்காரப் பெண், முப்பது வயதுக்குள்தான் இருக்கும், முக்காட்டுக்கு மேலேயே முகமூடியை மாட்டிக்கொள்ளும் லாகவத்தைப் பார்த்தாலே பல வருட அனுபவம் தெரிந்தது. மலாயில்தான் பேசினார், நிதானமாக, எங்கள் அண்ணிக்குப் புரியவில்லை என்று தோன்றினால் மறுபடி முதலிலிருந்து. அவர் திரும்பத் திரும்பச் சொன்னது ஒரே விதி: மூச்சை அடக்காதே. ஏன் என்றும் விளக்கினார். பத்து மீட்டர் ஆழத்தில் அழுத்தம் மேலே இருப்பதைவிட இரண்டு மடங்கு. அங்கே நெஞ்சு நிறைய இழுத்த காற்றை அடக்கிக்கொண்டு மேலே வந்தால் அது இரண்டு மடங்காக விரியப் பார்க்கும், நுரையீரல் தாங்காது. அதனால் பயம் வந்தாலும், தண்ணீர் வாய்க்குள் போனாலும், இருமல் வந்தாலும்கூட, காற்றுக் குழாயை வாயிலிருந்து எடுக்காமல் மூச்சை விட்டுக்கொண்டே இருக்க வேண்டும். குழாயை வைத்துக்கொண்டே இருமலாம் என்பது எனக்கு அன்றுதான் தெரியும்.

அப்புறம் கைச் சைகைகள். இதில் நம் ஆட்கள் கவனமாக இருக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு: கட்டை விரலை உயர்த்திக் காட்டினால் கடலுக்கு அடியில் 'மேலே போக வேண்டும்' என்று அர்த்தம். நன்றாக இருக்கிறேன் என்று சொல்ல ஆள்காட்டி விரலையும் கட்டை விரலையும் வட்டமாகச் சேர்த்துக் காட்ட வேண்டும். என் மச்சான் பழக்க தோஷத்தில் கட்டை விரலைத்தான் தூக்குவான் என்று பயிற்சியாளருக்கு எப்படியோ தெரிந்திருக்க வேண்டும், அவனை மட்டும் தனியாக நிறுத்திப் பத்துப் பதினைந்து முறை காட்டச் சொன்னார்.

இனி நான் இந்தக் கடைக்கு முழு மதிப்பெண் போடுகிற இடத்துக்கு வருகிறேன். இடுப்பளவு தண்ணீரில் எங்களுக்காக அவர்கள் செலவழித்த நேரம். வேறு இடங்களில் போனவர்கள் சொல்லிக் கேட்டிருக்கிறேன், கால்மணி நேரம் காட்டிவிட்டு நேரே ஆழத்துக்கு இழுத்துப் போவார்களாம். இங்கே ஒரு மணி நேரத்துக்கும் மேலே ஆகியிருக்கும், யாரும் கடிகாரத்தைப் பார்க்கவில்லை. மண்டியிட்டு உட்கார வைத்து, குழாயை வாயிலிருந்து எடுத்து, சின்னச் சின்னக் குமிழியாக மூச்சை விட்டபடியே திரும்ப மாட்டி, உள்ளே இருக்கிற தண்ணீரை ஊதி வெளியேற்றச் சொன்னார்கள். அது எல்லாருக்கும் சுலபமாகவே வந்தது. முகமூடிக்குள் தண்ணீர் விட்டு அதை மூக்கால் ஊதி வெளியேற்றுவதுதான் கஷ்டம்.

என் அண்ணி தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர். அவர்கள் பக்கத்து ஈயக்குட்டையில் சொந்தக்காரப் பையன் ஒருவன் மூழ்கிப் போனதிலிருந்து வீட்டில் பிள்ளைகள் யாரையும் தண்ணீர்ப் பக்கம் விட்டதில்லை. நம் தலைமுறையில் நீச்சல் தெரியாதவர்கள் இவ்வளவு பேர் இருப்பதற்கு இப்படி ஒரு காரணம் பல வீடுகளில் இருக்கும். முகமூடிக்குள் தண்ணீர் மூக்கைத் தொட்டதும் அண்ணி பதறி எழுந்துவிட்டார். பயிற்சியாளர் ஒன்றும் சொல்லவில்லை. அவர் கையைப் பிடித்துக்கொண்டு சும்மா நின்றார். "காக், பெலான்-பெலான்" (அக்கா, மெல்ல மெல்ல) என்று மட்டும் ஒரு தரம். பிறகு முகமூடி இல்லாமலே குழாயை வாயில் வைத்து முகத்தைத் தண்ணீரில் நனைத்து, வாயால் மட்டும் மூச்சு விடப் பழக்கினார். அதன் பிறகு கண்ணாடியின் அடி விளிம்பில் கொஞ்சம் தண்ணீர், பிறகு பாதி. மேல் விளிம்பை நெற்றியோடு அழுத்திப் பிடித்து, மேலே நிமிர்ந்து, மூக்கால் மெதுவாக ஊதினால் தண்ணீர் கீழ்வழியாகத் தானே வெளியே போகும். அண்ணி ஊதினார், தண்ணீர் போனது, கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு அவரே இன்னொரு முறை தண்ணீர் விட்டு ஊதினார். அப்போதுதான் பயிற்சியாளர் அவரை ஆழத்துக்கு அழைத்துப் போகச் சம்மதித்தார். அவசரப்படுத்தியிருந்தால் அண்ணி அன்றைக்குக் கரையிலேயே உட்கார்ந்திருப்பார், சந்தேகமே இல்லை.

நீச்சல் தெரியாதவர்கள் கேட்கிற கேள்விக்கு இங்கேயே பதில். இந்த அறிமுக டைவுக்கு நீச்சல் தேர்வு கிடையாது, தண்ணீரில் பதற்றம் இல்லாமல் இருந்தால் போதும், பயிற்சியாளர் கூடவே இருப்பார். பத்து வயது நிரம்பியிருக்க வேண்டும், 12 மீட்டருக்குக் கீழே போகக் கூடாது. இது 'பாடி' என்று டைவ்காரர்கள் சொல்கிற பயிற்சி நிறுவனத்தின் விதி. முழுப் பயிற்சி எடுத்து ஓபன் வாட்டர் சான்றிதழ் வாங்க வேண்டும் என்றால் கதை வேறு, அதற்கு 200 மீட்டர் நீந்திக் காட்ட வேண்டும் அல்லது ஸ்நோர்கல் மாட்டி 300 மீட்டர், அதோடு 10 நிமிடம் மிதக்கவும் வேண்டும்.

முதல் டைவ் கடைக்கு முன்னாலேயே, கரையிலிருந்து நடந்தே இறங்கி. சிலிண்டர் கரையில் முதுகை முறிக்கிற கனம், தண்ணீருக்குள் போனதும் அந்தக் கனம் காணாமல் போய்விடுகிறது. இறங்க இறங்கக் காது அடைக்கும். மூக்கைப் பிடித்துக்கொண்டு மெல்ல ஊதினால் காதுக்குள் கீச்சென்று ஒரு சத்தம், அடைப்பு விட்டுவிடும். வலிக்கும் வரை காத்திருக்காமல் இறங்க ஆரம்பித்ததிலிருந்தே இதைச் செய்துகொண்டே போக வேண்டும், வலித்தால் கொஞ்சம் மேலே ஏறி மறுபடி முயல வேண்டும். என் தம்பி மகள், தமிழ்ப்பள்ளியில் ஐந்தாம் ஆண்டு படிக்கிறவள், அவளுக்கு ஒரு காது திறக்கவே நேரமாகியது. எங்களோடு வந்த இன்னொரு பயிற்சியாளர் அவளோடேயே மூன்று மீட்டரில் நின்று, காது சரியாகிற வரை அங்கேயே மீன் காட்டிக்கொண்டிருந்தார், எங்களைப் போகச் சொல்லிவிட்டு. பிள்ளைக்குத் தனியாக ஓர் ஆள் என்பதை நான் கேட்டு வாங்கவில்லை, அவர்களே செய்தார்கள்.

கோயிலில் கட்டிய சிவப்புக் கயிறு என் மணிக்கட்டில் இருந்தது. கீழே போகப் போக அது மங்கி, பத்து மீட்டர் பக்கம் சாம்பல் கலந்த பழுப்பாகிவிட்டது. பயிற்சியாளர் டார்ச்சை அதன் மேல் அடித்தார், பளிச்சென்று அதே சிவப்பு. சூரிய ஒளியில் சிவப்பைத்தான் தண்ணீர் முதலில் விழுங்கிவிடுகிறது, அதனால்தான் ஆழத்தில் எடுக்கிற படமெல்லாம் ஒரே நீலமாக இருக்கிறது. இதையெல்லாம் கரையில் வகுப்பு நடத்திச் சொல்லியிருந்தால் மறந்திருப்பேன். கயிற்றைக் கவனித்து, டார்ச்சை எடுத்து, அந்த நேரத்தில் காட்ட வேண்டும் என்று ஒருவருக்குத் தோன்றியதே, அதற்குத்தான் காசு கொடுக்கலாம்.

மதியச் சாப்பாடு கட்டணத்தில் சேர்த்தி இல்லை, பக்கத்துக் கிராமக் கடையில் நாமே பார்த்துக்கொள்ள வேண்டும். சைவம் சாப்பிடுகிறவர்களுக்குத் தீவில் கொஞ்சம் சிரமம்தான். நாசி கோரெங் சைவமாகப் போடுங்கள் என்றால் கோழியை எடுத்துவிடுவார்கள், பெலாச்சான் என்கிற இறால் விழுது உள்ளே இருக்கும், ஆகவே பெலாச்சானும் வேண்டாம் என்று தனியாகச் சொல்லிவிடுங்கள். நாங்கள் புளிச்சாதம் கட்டிக்கொண்டு போயிருந்தோம், கடை ஆட்களுக்கும் கொடுத்தோம்.

சாப்பிடும்போது படகோட்டும் பெரியவர் ஒரு விஷயம் சொன்னார். 1941 டிசம்பர் 10-ஆம் தேதி ஜப்பானிய விமானங்கள் மூழ்கடித்த பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ், ரிபல்ஸ் என்ற இரண்டு பிரிட்டிஷ் போர்க்கப்பல்களும் இதே கடலில்தான், தியோமானுக்கு வடக்கே குவாந்தானுக்கு அப்பால் கிடக்கின்றன. நல்ல ஆழம், சிறப்புப் பயிற்சி உள்ளவர்கள் மட்டும்தான் அங்கே இறங்க முடியும். எனக்கு அதைக் கேட்டதும் வேறு நினைப்பு ஓடியது. அந்தக் கப்பல்கள் போன பிறகு ஜப்பான்காரன் மலாயாவைப் பிடித்தான், தோட்டத்துத் தமிழர்களை ஆயிரம் ஆயிரமாகச் சயாம்-பர்மா ரயில் பாதை போடுகிற வேலைக்கு ஏற்றிக்கொண்டு போனான். நம் தாத்தா பாட்டிகள் சொன்ன கதையின் ஒரு முனை இந்தத் தண்ணீருக்கு அடியில் இருக்கிறது. இதைச் சுற்றுலா விளம்பரம் எதிலும் நான் பார்த்ததில்லை.

இரண்டாவது டைவ் ரெங்கிஸ் தீவுப் பக்கம், படகில் கொஞ்ச தூரம்தான். இங்கேதான் சுறா. கரும்புள்ளிச் சுறா என்று சொல்லலாம், துடுப்பு நுனி மையில் தோய்த்த மாதிரி கறுப்பாக இருக்கும், பெரிதாக வளர்ந்தால் ஒன்றரை மீட்டர் வரும். கூச்ச சுபாவம், எங்கள் குமிழிச் சத்தம் கேட்டதும் ஒதுங்கிப் போய்விட்டது. ஆமை அப்படி இல்லை. பச்சை ஆமை ஒன்று எங்களைச் சட்டை செய்யாமல் பாறையில் பாசியைப் பிய்த்துத் தின்றுகொண்டே இருந்தது, ஒவ்வொரு கடிக்கும் கழுத்தை ஒரு வெட்டு வெட்டி இழுக்கும். கிளி மீன் பவளப் பாறையைக் கடிக்கிற சத்தம் தண்ணீருக்குள் தெளிவாகக் கேட்கிறது, கறுமுறுவென்று. கடற்சாமந்திக்குள் கோமாளி மீன் குடும்பம் இருந்தது. அவை எல்லாமே ஆணாகத்தான் பிறக்குமாம், கூட்டத்தில் பெரியது பெண்ணாக மாறுமாம், அந்தப் பெண் இறந்தால் அடுத்த பெரியது அந்த இடத்துக்கு வருமாம். தம்பி மகள் பள்ளிக்குப் போனதும் முதலில் சொன்னது இதைத்தான்.

பவளப் பாறையைத் தொடக் கூடாது என்பதில் இந்தக் கடை கறார். மச்சான் தடுமாறிக் கையை ஊன்றப் போனபோது பயிற்சியாளர் பின்னாலிருந்து சிலிண்டரைப் பிடித்து அவனை அப்படியே மேலே தூக்கிவிட்டார். 2024-இல் கடல் சூடேறிப் பவளம் வெளுத்ததால் கிழக்குக் கரைக் கடல் பூங்காக்களில் சில இடங்களை மீன்வளத் துறை தற்காலிகமாக மூடியது நினைவிருக்கலாம். அங்கங்கே அந்தப் பாதிப்பு இன்னும் தெரிகிறது, வெளுத்துச் செத்த கிளைகளின் மேல் பாசி படர்ந்திருக்கிறது. அதே இடத்தில் வேறு ஏதோ ஒரு படகிலிருந்து ரொட்டித் துண்டுகளை வீசி மீனைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். எங்கள் படகில் அதற்கு அனுமதி இல்லை என்று ஏறும்போதே சொல்லிவிட்டார்கள். சந்தோஷமாக இருந்தது.

குறைகளுக்கு வருகிறேன். பெரியது உடை மாற்றும் அறை. ஒன்றே ஒன்று, ஆண் பெண் எல்லாருக்கும், தாழ்ப்பாள் சரியாக விழாது, ஒருவர் வெளியே காவல் நிற்க வேண்டியிருந்தது. டைவ் செய்யப் போடுகிற இறுக்கமான ரப்பர் உடையை உடம்பிலிருந்து உரிக்கவே பத்து நிமிடம் ஆகிறது, அந்த நேரம் முழுக்கக் கதவை நினைத்துக்கொண்டே இருப்பது பெண்களுக்கு எவ்வளவு அவஸ்தை. அந்த ரப்பர் உடையும் ஆசிய ஆண்கள் அளவில்தான் நிறைய இருக்கிறது, கொஞ்சம் பருமனான பெண்களுக்கு ஒன்றிரண்டுதான். உயரம், எடையை முன்கூட்டியே அனுப்பியும் இப்படி. அண்ணிக்குக் கிடைத்த முகமூடியின் பட்டை தளர்ந்திருந்தது, சொன்னதும் மாற்றிக் கொடுத்தார்கள், ஆனால் நாம் சொல்லும்வரை காத்திருக்காமல் காலையிலேயே பார்த்திருக்க வேண்டும். குளிக்க நல்ல தண்ணீர் நூல்போலத்தான் வருகிறது. படம் எடுத்துத் தருவதற்குத் தனிக் காசு, அது பரவாயில்லை, ஆனால் படங்கள் கைக்கு வந்து சேர ஒரு வாரத்துக்கு மேல் ஆகிவிட்டது.

இரண்டு டைவ், சாமான், படகு எல்லாம் சேர்த்து ஆளுக்கு இருநூற்றுச் சொச்சம் ரிங்கிட் கொடுத்தோம். ஃபெர்ரியும் தங்கும் அறையும் தனி. எங்கள் சம்பளத்துக்கு இது சின்னத் தொகை இல்லை. மாதாமாதம் கொஞ்சம் கொஞ்சமாக ஒதுக்கித்தான் போனோம், எனக்கு அது வீணாகத் தெரியவில்லை.

போகிறவர்களுக்கு இன்னும் சில. நவம்பரிலிருந்து பிப்ரவரி வரை மழைக்காலம், கடல் கொந்தளிக்கும், கடைகள் பெரும்பாலும் மூடியிருக்கும், அப்போது திட்டம் போடாதீர்கள். சளி, மூக்கடைப்பு இருந்தால் அன்றைக்கு விட்டுவிடுங்கள், காது திறக்காது, மருந்து போட்டுக்கொண்டு இறங்குவதும் நல்லதல்ல. ஒரு டைவ் செய்தால் 12 மணி நேரமும், அதற்கு மேல் செய்தால் 18 மணி நேரமும் விமானம் ஏறக் கூடாது. நமக்கு விமானம் இல்லை என்றாலும் உயரமான மலைகளுக்கும் அதே கணக்குதான், ஆகவே ஊர் திரும்பிய கையோடு பெரிய மலை ஏறுகிற யோசனை இருந்தால் தள்ளிப் போடுங்கள். படகு ஏணி ரொம்பச் செங்குத்து, முதுகில் பாரத்தோடு ஏற முடியாதவர்கள் தண்ணீரிலேயே சிலிண்டரைக் கழற்றிக் கொடுத்துவிடலாம், கேட்டால் செய்வார்கள்.

உடை மாற்றும் அறை விஷயத்தை ஊர் திரும்பியதும் கடைக்கு எழுதினேன். அடுத்த பருவம் தொடங்குவதற்குள் பெண்களுக்குத் தனி அறை, உள் தாழ்ப்பாளோடு, கட்டிவிடுவதாகப் பதில் வந்திருக்கிறது. கட்டி முடித்ததும் படம் அனுப்பச் சொல்லியிருக்கிறேன். ஆலையில் அடுத்த கூட்டத்துக்குப் பெயர் கொடுத்திருப்பவர்களில் பாதிப் பேர் பெண்கள், படம் வந்த பிறகுதான் முன்பணம் கட்டப்போகிறோம்.